வெண்கண்டம் – 9: ஆளில்லாத நிலையம், அணையாத கருவிகள்

2014 ஜூலை 30. அண்டார்டிகாவில் பிரிட்டன் நடத்தும் ஹேலி ஆய்வு நிலையத்தில் மின்சாரம் நின்றுபோனது. உள்ளே 13 பேர் இருந்தார்கள். வெளியே மைனஸ் 55 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிய குளிர். கோடை பிறக்காமல் கப்பல் வராது. 19 மணி நேரம் விளக்கும் இல்லை, வெப்பமும் இல்லை. மின்சாரம் ஓரளவு திரும்பியதும் அதை முதலில் உயிர்காக்கத்தான் செலவிட வேண்டியிருந்தது. வானிலை முன்னறிவிப்புக்கான அளவீடுகளைத் தவிர மற்ற ஆய்வுகள் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. 13 பேரும் பத்திரமாகத் தப்பினார்கள்.

வெண்கண்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கிவைப்பது பெரிய காரியம்தான். அதை அறுபட விடாமல் ஆண்டுக்கணக்கில் நடத்துவது அதைவிடப் பெரிய காரியம். ஹேலியின் கதை முழுக்க அந்தப் போராட்டம்தான்.

1956இல், சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்காக அமைக்கப்பட்ட நிலையம் இது. நிற்பது கெட்டி நிலத்தில் அல்ல. கடல்மேல் மிதக்கும் பிரண்ட் பனித்தட்டின் மேல். அந்தத் தட்டு கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே விழும் பனியும் உருகாது. ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும். முதல் நான்கு கட்டடங்களும் இப்படிப் பனிக்குள் புதைந்து, நசுங்கி, கைவிடப்பட்டவை. இன்று இருப்பது ஆறாவது ஹேலி. எட்டுக் கூடங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஹைட்ராலிக் கால்கள்; கால்களின் அடியில் பனிச்சறுக்குப் பலகைகள். பனி ஏறினால் காலை உயர்த்திக்கொள்ளலாம். ஆபத்து வந்தால் டிராக்டர் கட்டி இழுத்துப் போகலாம்.

இவ்வளவு சிரமப்பட்டு அங்கே எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும்? விடை, டாப்சன் கருவி என்ற ஒரு நீளப் பெட்டிக்குள் இருக்கிறது. 1920களில் ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் டாப்சன் உருவாக்கியது. சூரிய ஒளி அதற்குள் நுழைந்து முப்பட்டகத்தில் பிரியும். புற ஊதாக் கதிரில் இரண்டு அலைநீளங்களை மட்டும் கருவி எடுத்துக்கொள்ளும். ஒன்றை ஓசோன் அதிகம் உறிஞ்சும், மற்றதைக் குறைவாக உறிஞ்சும். இரண்டின் வலிமையும் சமமாகி முள் பூஜ்யத்துக்கு வரும்வரை, பக்கத்தில் இருப்பவர் வட்டைக் கையால் திருப்பிக்கொண்டே இருப்பார். முள் நின்றதும் வட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்வார். தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

ஹேலியில் வருடத்துக்கு 105 நாட்கள் சூரியன் தலைகாட்டாது. ஆகஸ்டில் அது திரும்பியதும் வட்டைத் திருப்பும் வேலையும் தொடங்கிவிடும். ஆட்கள் மாறினார்கள், கட்டடங்கள் புதைந்தன, வேலை மட்டும் நிற்கவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் சலிப்பூட்டும் எண்கள்தான் வந்துகொண்டிருந்தன. 1977இல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஜொனாதன் ஷாங்க்லினுக்கு, கையால் எழுதிக் குவிந்திருந்த அந்தத் தாள்களைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு வந்தது. ஏற்ற ஏற்ற ஒன்று புலப்பட்டது: ஒவ்வொரு அக்டோபரிலும் ஓசோன் குறைந்துகொண்டே போகிறது. 1960களில் 300 டாப்சன் அலகுகளை ஒட்டி இருந்தது, 1984இல் 200க்கும் கீழே. கருவி பழுதாகியிருக்குமோ என்று சந்தேகித்து வேறு டாப்சன் கருவியை அனுப்பினார்கள். அதுவும் அதையே சொன்னது. 1985 மே மாதம், உடன் பணியாற்றிய ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர் இருவரும் ஷாங்க்லினும் சேர்ந்து நேச்சர் இதழில் இதை வெளியிட்டார்கள். ஓசோன் ஓட்டை உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பரில், ஓசோனைத் தின்னும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அப்போது செயற்கைக்கோள்களும் வானில் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அவையும் அந்தக் குறைந்த அளவுகளைப் பதிவு செய்திருந்தன. ஆனால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்ததால், சந்தேகத்துக்குரியவை என்று அவை ஒதுக்கப்பட்டிருந்தன. ஹேலி ஆட்களிடம் மட்டும், ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்த பழைய எண்கள் வரிசையாக இருந்தன. பழையது கையில் இருந்ததால்தான் புதியது விபரீதம் என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

அந்த வரிசைக்குத்தான் 2012இல் ஆபத்து வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் கிடந்த பனிப்பிளவு ஒன்று மீண்டும் நீளத் தொடங்கியது. நிலையம் இருந்ததோ பிளவுக்குக் கடல்புறத்தில். விட்டால் பனிப்பாறையோடு சேர்ந்து மிதந்துபோகும். எட்டுக் கூடங்களையும் ஒவ்வொன்றாக 23 கிலோமீட்டர் உள்ளே இழுத்துப்போய் வைத்தார்கள். அந்த வேலை முடிவதற்குள், 2016 அக்டோபரில், வேறொரு பக்கத்தில் புதிய பிளவு கண்டது. இருட்டில் பனித்தட்டு உடைந்தால் மீட்கப் போக வழியே கிடையாது. ஆகவே 2017 குளிர்காலத்துக்கு முன் அனைவரும் வெளியேறினார்கள். அறுபது ஆண்டுகளில் முதன்முறையாக ஹேலி ஆளில்லாமல் இருண்டது. அடுத்த ஆண்டும் அப்படியே.

ஆட்களைப் பணயம் வைக்கவும் கூடாது, அளவீட்டையும் விட்டுவிடக் கூடாது. பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி, ஒரு மைக்ரோ டர்பைன். சூடு காக்கும் கன்டெய்னருக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன ஜெட் இன்ஜின் என்று சொல்லலாம். டீசல் ஜெனரேட்டருக்கு அடிக்கடி எண்ணெய் மாற்ற வேண்டும், வடிகட்டி மாற்ற வேண்டும். ஒன்பது மாதம் கிட்டே போக ஆளில்லாத இடத்தில் அது ஆகாத காரியம். டர்பைனில் சுழலும் தண்டு ஒன்றுதான்; அதுவும் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றுப் படலத்தின் மேல் சுழல்கிறது. தேய்வதற்கு அதிகம் இல்லை. அதன் மின்சாரத்தில் வானிலை, காந்தப்புலம், விண்வெளி வானிலைக் கருவிகள் இயங்குகின்றன. பனித்தட்டின் அசைவைக் கவனிக்கும் ஜிபிஎஸ் கருவிகளும் பணியில் உண்டு. தகவல்கள் செயற்கைக்கோள் வழியாக கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்கின்றன. 2019 குளிர்காலத்தில் ஹேலி இப்படித் தன்னந்தனியாக வேலை செய்யத் தொடங்கியது.

ஓசோன் அளவீட்டுக்கு அவர்கள் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. டாப்சன் கருவிக்கு ஓய்வு கொடுக்காமல், வட்டைத் திருப்பும் வேலையைத் தானியங்கியாக்கினார்கள். 1956இலிருந்து வரும் எண்களோடு இன்றைய எண் ஒட்டவேண்டும் என்றால், அளக்கும் முறையும் அதுவாகவே இருப்பதுதான் நல்லது.

இயந்திரத்தால் எல்லாம் ஆகிவிடாது. கருவிகள்மேல் படியும் உறைபனியைச் சுரண்டுவதற்கும், ஹீலியம் நிரப்பி வானிலை பலூனைப் பறக்கவிடுவதற்கும் கை வேண்டும். கோடையில் ஆட்கள் போய்த்தான் பழுது பார்க்கிறார்கள், எரிபொருள் நிரப்புகிறார்கள். ஆனாலும் குளிர்காலம் முழுக்கச் சேதி வந்துகொண்டிருக்கிறது. 2023 ஜனவரியில் அந்தப் பழைய பிளவு வழியே சுமார் 1,550 சதுர கிலோமீட்டர் பனி உடைந்து கடலில் போனது. இடம்பெயர்ந்த நிலையம் தப்பித்தது.

அண்டார்டிகாவின் ஓசோன் 1980இன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது உலக வானிலை அமைப்பின் கணிப்பு. அதுவரை வருடா வருடம் அளந்தால்தான் குணமாகிறதா என்று தெரியும். புதிய கண்டுபிடிப்புக்குப் பணம் கேட்டால் அரசுகள் கொடுத்துவிடும், பழைய அளவீட்டைத் தொடரக் கேட்டால் “இன்னுமா?” என்பார்கள். அந்தக் கேள்விக்கு 1970களிலேயே யாராவது செவிசாய்த்திருந்தால், வானில் ஓட்டை விழுந்ததை நாம் வெகு தாமதமாகத்தான் அறிந்திருப்போம். ஒரு நிலையத்தின் ஆண்டுச் செலவை எடைபோடும்போது இதையும் தராசில் வைக்க வேண்டும்.

அடுத்த வாரம் தென்துருவத்துக்கே போவோம். அங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் ஆழம் வரை, பனிக்குள் 5,160 ஒளி உணரிகள் உறைந்து கிடக்கின்றன. பழுதானாலும் தோண்டி எடுக்க முடியாத அந்த ‘ஐஸ்கியூப்’ கருவியை, குளிர்காலம் முழுக்க இரண்டே பேர் எப்படிக் கட்டிக்காக்கிறார்கள் என்று பார்ப்போம்.

(தொடரும்)