வெளிநாட்டில் பணமெடுப்புக் கட்டணம்

இந்திய வங்கி அட்டையைக் கொண்டு வெளிநாட்டு ஏ.டி.எம். எந்திரத்தில் பணம் எடுக்கும்போதும், அங்குள்ள கடைகளில் பணம் செலுத்தும்போதும் பிடிக்கப்படும் தொகைகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் எனப்படுகின்றன. இவற்றில் ஒரு பகுதி கட்டணம் என்ற பெயரிலேயே கணக்கில் தெரியும். மற்றொரு பகுதி நாணய மாற்று விகிதத்துக்குள் கலந்துவிடும். அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எடுக்கும் தொகை கூடக்கூட இந்த இரண்டாவது பகுதியே பெரிதாகிறது.

உள்நாட்டில் நிலைமை எளிது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இருந்து ஒருவர் பொன்னேரிக்கோ சென்னைக்கோ வந்து பணம் எடுத்தால், மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை இலவசம். அதாவது சொந்த வங்கி எந்திரத்தில் 5 முறை. பிற வங்கி எந்திரத்தில் பெருநகரமானால் 3, மற்ற இடங்களில் 5. அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் அதிகபட்சம் 23 ரூபாயும் வரியும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2025 மே 1 முதல் வரம்பு வைத்துள்ளது. நாட்டின் எல்லையைத் தாண்டினால் இலவச எண்ணிக்கையும் கிடையாது, அந்த 23 ரூபாய் வரம்பும் கிடையாது.

கட்டணத்தின் அடுக்குகள்

வெளிநாட்டில் ஒரு முறை பணம் எடுக்கும்போது இரண்டு வங்கிகள் கை நீட்டுகின்றன. எந்திரத்துக்குச் சொந்தமான அந்நாட்டு வங்கி ஒரு தொகை பிடிக்கலாம். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைகளுக்கு ஒரு முறைக்கு 220 பாட் என்பது பல ஆண்டுகள் நிலைத்த கட்டணம். சில வங்கிகளில் அது இன்னும் கூடுதல். அடுத்து, அட்டை வழங்கிய இந்திய வங்கி ஒரு நிலையான கட்டணம் வாங்கும். பல வங்கிகளில் இது 100 ரூபாயை ஒட்டியோ சற்று மேலோ இருக்கும். இதோடு, மாற்றப்படும் தொகையின் மீது 2 முதல் 3.5 விழுக்காடு வரை ‘மார்க்கப்’ என்ற கூடுதல் சேர்க்கப்படும். இக்கட்டணங்களின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் உண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிலையான கட்டணம் 125 ரூபாய், மார்க்கப் 3.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு ஈடான பணத்தை ஒரே முறையில் எடுத்தால் 125 + 350 = 475 ரூபாய். வரியோடு 560 ரூபாய் 50 காசு. அதே பணத்தை 2,500 ரூபாய் வீதம் நான்கு முறையாக எடுத்தால் 500 + 350 = 850 ரூபாய்; வரியோடு 1,003 ரூபாய். இது தாய்லாந்தில் நடந்தால் நான்கு முறை 220 பாட், அதாவது 880 பாட் தனியாகப் போகும். இன்றைய மதிப்பில் அது 2,000 ரூபாய்க்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்த இடத்தில் மிகையே அல்ல. கையில் அதிகப் பணம் வைத்திருக்க அஞ்சி, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் மாணவரும் தொழிலாளியுமே இதில் அதிகம் இழக்கிறார்கள்.

பழவேற்காட்டு வட்டம்

நாணயம் மாற்றுவதில் ஒரு பங்கை இழப்பது தமிழகக் கடற்கரைக்குப் புதிதன்று. பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கே நாணயச் சாலையும் நடத்தியது. கம்பெனியின் முத்திரை பொறித்த செப்புக் காசுகளும் பொன் வராகன்களும் அங்கு அடிக்கப்பட்டன. துணி வாங்க வெளிநாட்டுப் பொன்னையும் வெள்ளியையும் கொண்டுவந்தவர்களுக்கு, உள்ளூரில் செல்லும் நாணயம் தேவைப்பட்டதே காரணம்.

அக்காலத்தில் ஓர் ஊரின் வராகன் அடுத்த ஊரில் முழு மதிப்புக்குச் செல்லாது. சராப்புகள் அதை உரைத்துப் பார்த்து, எடை போட்டு, ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தனர். அந்தக் கழிவுக்கு வட்டம் என்று பெயர். சில ஊர்களில் காசுக்கடைத் தெரு என்ற பெயர் இன்றும் நிலைத்திருப்பது இந்தத் தொழிலால்தான். சென்னை மாகாணம் 1818இல் ரூபாய்க்கு மாறி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என விகிதம் வகுத்த பிறகு வராகன் மெல்ல வழக்கொழிந்தது. சராப்பின் வட்டத்தையாவது எதிரே நின்று பேரம் பேசலாம். மார்க்கப்பில் அதற்கு வழியில்லை.

ரூபாயில் வேண்டுமா என்ற கேள்வி

வெளிநாட்டு எந்திரங்களும் கடைகளின் அட்டைக் கருவிகளும் சில நேரம் “தொகையை இந்திய ரூபாயில் பிடிக்கலாமா?” என்று கேட்கும். பழகிய நாணயத்தில் தொகை தெரிவதால் பலர் சம்மதித்துவிடுகிறார்கள். அவ்வாறு சம்மதித்தால், அட்டை வலையமைப்பின் விகிதத்துக்குப் பதிலாக, அந்த எந்திரத்தின் வங்கி தானே வைத்த விகிதம் பயன்படும். அது பொதுவாகப் பல விழுக்காடு பாதகமானது. போதாக்குறைக்கு, ரூபாயில் முடிந்த வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் சில இந்திய வங்கிகள் தனிக் கட்டணம் விதிக்கின்றன. எனவே உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. மாற்றத்தை மறுத்தாலும் பணம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019இல் இயற்றிய விதியின்படி, இத்தகைய மாற்றத்தில் எத்தனை விழுக்காடு கூடுதல் என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும்.

கடன் அட்டையில் ரொக்கம் எடுப்பது இன்னும் மோசம். ரொக்கக் கட்டணம் தனி. எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.

புறப்படும் முன்

ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதியால் புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியின் செயலியிலோ கிளையிலோ கேட்டுத் திறக்க வேண்டும். 2014இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தின் மூலம் மீனவக் குடும்பங்கள் உட்படப் பலரிடம் ரூபே அட்டை உள்ளது. ஆனால் உள்நாட்டு வகை ரூபே அட்டை வெளிநாட்டில் செல்லாது. ரூபே குளோபல் வகையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் செலவிடுவதற்கு இப்போது வேறு வழியும் உண்டு. சிங்கப்பூரின் பேநவ் அமைப்புடன் யு.பி.ஐ. 2023 பிப்ரவரி 21இல் இணைக்கப்பட்டது. ஆனால் அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவதற்கானது. இலங்கையில் 2024 பிப்ரவரி 12 முதல் கடைகளின் கியூஆர் குறியை இந்தியச் செயலியால் வருடிப் பணம் செலுத்தலாம். எந்திரக் கட்டணம் இதில் இல்லை. மாற்று விகிதம் மட்டும் இதிலும் உண்டு. பணம் செலுத்தும் முன் செயலி காட்டும் ரூபாய்த் தொகையை அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டால் வட்டம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.