ரோந்தி முதல் ரிஷிகங்கா வரை: கணினி காட்டும் பாதை

2021 பிப்ரவரி 7 காலை. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ரோந்தி சிகரத்தின் வடமுகம் பெயர்ந்து விழுந்தது. பாறையும் பனியுமாக ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர். ஐந்தில் நான்கு பங்கு பாறை. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர்.

கீழே பாய்ந்து வந்த வெள்ளத்தைக் கண்டு, ஏரி உடைந்திருக்கும் என்றே பலரும் முதலில் நினைத்தார்கள். செயற்கைக்கோள் படங்களில் அப்படி ஓர் ஏரியே இல்லை. பிறகு இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? விடை உராய்வில் இருந்தது. ஏறத்தாழ 1,800 மீட்டர் கீழே சரிந்த பாறை, அரைபட்ட சூட்டிலேயே பனியை உருக்கிவிட்டது. வறண்ட சரிவு, போகும் வழியிலேயே சேற்று வெள்ளமாயிற்று.

அந்தப் பயணத்தை ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். மலையின் உயர வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பாறை, பனி, நீர் எவ்வளவு, எந்த வேகத்தில் நகர்கிறது என்று நொடிக்கு நொடி கணக்கிடுகிறார்கள். ரிஷிகங்கா மின்நிலையத்தருகே மக்கள் எடுத்த காணொளிகளில் வேகம் நொடிக்குச் சுமார் 25 மீட்டர். இத்தகைய பதிவுகளோடு ஒப்பிட்டே மாதிரியைச் சரிபார்க்கிறார்கள். நடந்ததை இப்படித் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, உண்மையில், எளிய பாதி. கடினமான பாதி வேறு: இன்னும் விழாத மலைக்கு, மாதிரிக்கு வேண்டிய உராய்வு எண்ணை ஊகித்துத்தான் இட வேண்டும். அது சற்றே மாறினாலும் வெள்ளம் எட்டும் தூரம் மாறிவிடும்.