வடு சுருங்கும் கணக்கு

மாவடுவில் கல் உப்பைப் போட்டு ஜாடியை மூடிவைத்தால், இரண்டு மூன்று நாளில் அடியில் தண்ணீர் விட்டிருக்கும். வடுவின் தோல் சுருங்கியிருக்கும். அந்தத் தண்ணீர் வடுவின் செல்களுக்குள் இருந்ததுதான். உப்பு எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் நீர் செல்சவ்வைக் கடந்து போய்விடும். பாடப்புத்தகத்தில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். வாடிய கீரையைத் தண்ணீரில் போட்டால் நிமிர்வதும் இதனால்தான், திசை மட்டும் எதிர்.

தாவரச் செல்லைச் சுற்றிச் சுவர் உண்டு. நீர் புகுந்தால் விறைக்கும், வெடிக்காது. நம் ரத்தச் சிவப்பணுவுக்கு அந்தக் காவல் இல்லை. வெறும் தண்ணீரில் விட்டால் ஊதி உடைந்துவிடும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்று அளந்து சேர்ப்பது அதற்காகத்தான்.

சவ்வு அடிப்படையில் கொழுப்புப் படலம். ஆக்சிஜன் அதில் நழுவி நுழைந்துவிடும். சோடியம், குளுக்கோஸ் போன்றவற்றுக்குப் புரதத்தாலான வாசல்கள் வேண்டும். நீருக்கே தனி வாசல் உண்டு என்று 1990களின் தொடக்கத்தில் காட்டிய பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் நோபல் கிடைத்தது. ஆனால் நோபல் வாங்காத இன்னொரு வாசல்தான் எனக்குப் பெரிது.

அது சிறுகுடலில் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் மறுபக்கத்தில் ஒரு பம்ப் ஓயாமல் ரத்தத்தின் பக்கம் தள்ளிக்கொண்டிருப்பதால், சோடியத்துக்கு எப்போதும் உள்ளே இடம் இருக்கும். குளுக்கோஸ் அதோடு தொற்றிக்கொண்டு வந்துவிடும். பின்னாலேயே தண்ணீரும் வரும். இந்த ஜோடிப் பயணத்தை ராபர்ட் கிரேன் 1960இல் பிராகாவில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார்.

காலராவின் நச்சு குடல் செல்லின் குளோரைடு வாசலைத் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடு வெளியேற, உப்பும் நீரும் பின்தொடர, சில மணி நேரத்தில் உடல் வற்றிப்போகிறது. ஆனால் இந்த ஜோடி வாசலை மட்டும் அந்த நச்சு தொடுவதில்லை!

1971இல் மேற்கு வங்காளத்தின் பன்காவ் நகரில் கிழக்கு பாகிஸ்தான் அகதிகள் காலராவில் மடிந்துகொண்டிருந்தார்கள். சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹாலனோபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, உறவினர்களே நோயாளிக்குப் புகட்டும்படி செய்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். தூள் அந்த வழியில் வந்ததுதான். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரிலேயே கரையுங்கள். சத்து கூடட்டும் என்று அரை லிட்டரில் கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தால், வடுவுக்கு நடந்ததே குழந்தையின் குடலுக்கும் நடக்கும்.