சேருவிலவின் செம்பும் நமது காணியும்: நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

வாகரைக்கு அப்பால் ஒரு தேநீர்க்கடையில் வயதான விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: "எங்கட காணிக்குக் கீழ என்னவோ இரிக்காம் தம்பி. அதுக்குத்தான் எல்லாரும் வாறாங்களாம். மெய்யா?"

யுத்தத்தில் இடம்பெயர்ந்து, பல வருடங்களுக்குப் பின் திரும்பி வந்து, பற்றைக்காட்டை வெட்டித் திருத்திய காணி அவருடையது. எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது ஊடகக் கற்கை, பாறைகளை அல்ல. அவர் கேட்ட பிறகு தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

அவருடைய கேள்வியை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. கதிரவெளியிலும் திருக்கோவிலிலும் இல்மனைட் மணல் அகழ்வுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியதை நாம் அறிவோம். மணலை அள்ளுவது கண்ணுக்குத் தெரியும். பாறைக்குள் இருக்கும் உலோகம் தெரியாது. அதனால் அதைப்பற்றிய பயமும் பேராசையும் இரண்டு மடங்காகிவிடுகின்றன.

இரண்டு பாறைகள் சந்திக்கும் இடம்

மட்டக்களப்பு வாவியைச் சுற்றி மேலே இருப்பது மணலும் வண்டலும். அதற்குக் கீழே இருப்பது சுமார் 100 கோடி ஆண்டுகள் பழமையான பாறைத் தளம். புவிச்சரிதவியலாளர்கள் இதனை 'விஜயன் தொகுதி' என்கிறார்கள். பெரும்பாலும் கிரனைற்று இனப் பாறைகள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி உண்டானவை இவை.

இதற்கு மேற்கே 'உயர்நிலத் தொகுதி' இருக்கிறது. ஒரு காலத்தில் நீரடியில் படிந்த மணலும் களியும் சுண்ணாம்பும் உருமாறிய பாறைகள் அங்கே அதிகம். பளிங்குச் சுண்ணாம்புக்கல்லும் அவற்றுள் ஒன்று. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் உருவான காலத்தில், இந்த இரண்டு தொகுதிகளும் ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளப்பட்டன. அவை சந்திக்கும் எல்லையில்தான் சேருவில இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து வாகரை, கதிரவெளி, வெருகல், ஈச்சிலம்பற்று வழியாகப் போனால் வருகிற அதே சேருவில.

'ஸ்கார்ன்' என்றால் என்ன?

கொதிக்கும் பாறைக்குழம்பு மேலெழுந்து சுண்ணாம்புக்கல்லைத் தொடும்போது, குழம்பிலிருந்து பிரியும் சூடான நீர்மம் சுண்ணாம்புக்குள் ஊடுருவும். அந்த நீர்மத்தில் சிலிக்காவும் இரும்பும் வேறு உலோகங்களும் கரைந்திருக்கும். சுண்ணாம்போடு சேர்ந்ததும் அவை புதிய கனியங்களாகப் படிகின்றன. இப்படி உருவாகும் பாறைக்கு ஸ்கார்ன் என்று பெயர். சுவீடன் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர், தாதுவோடு வரும் வேண்டாத கல்லை அழைத்த பெயர் அது.

தங்ஸ்தன் உலோகத்தின் முக்கிய மூலங்களில் ஒன்று இந்த ஸ்கார்ன் பாறை. தமிழ்நாட்டில் டங்ஸ்டன் என்று எழுதுவார்கள். நீர்மத்தில் வரும் தங்ஸ்தன், சுண்ணாம்பிலுள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு 'ஷீலைற்று' என்ற கனியமாகிறது. பகலில் சாதாரண வெள்ளைக் கல்போல இருக்கும் ஷீலைற்று, புறஊதா விளக்கின் கீழ் நீலவெண்மையாக ஒளிரும். தேடுகிறவர்கள் இரவில் விளக்கோடு போவது அதனால்தான். 3,422 பாகை செல்சியஸ் வரை உருகாத தங்ஸ்தன், வெட்டும் கருவிகளிலிருந்து ஆயுதங்கள் வரை பயன்படுகிறது. உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவிடம். 2025 பெப்ரவரியில் சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் மற்ற நாடுகள் வேறு இடங்களைத் தேடுவது தீவிரமானது.

சேருவிலவில் கண்டது

சேருவிலவில் கண்டறியப்பட்டது தங்ஸ்தன் அல்ல, செம்பும் இரும்பும். 1971இல் அப்போதைய புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் அரிப்புப் பகுதியில் செம்புத் தாதுவும் காந்த இரும்புத் தாதுவும் சேர்ந்த படிவைக் கண்டறிந்தது. சுண்ணாம்பு கலந்து உருமாறிய பாறைகளோடு அது காணப்படுகிறது. அது ஸ்கார்ன் முறையில் உண்டானதா, வேறு வழியில் வந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை.

இத்தகைய சுண்ணாம்புப் பாறைகளை இலங்கையில் முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் நமக்குத் தெரிந்த பெயர்தான்: ஆனந்த குமாரசுவாமி. கலை அறிஞராகப் புகழ்பெறுமுன் அவர் புவிச்சரிதவியலாளர். 1903இல் தொடங்கிய இலங்கைக் கனியவள அளவையின் முதல் பணிப்பாளர். தோரியனைற்று என்ற கனியத்தின் கண்டுபிடிப்போடும் அவர் பெயர் இணைந்திருக்கிறது.

கண்டறிந்து அரை நூற்றாண்டு கடந்தும் சேருவில சுரங்கமாகவில்லை. 2006இல் மாவிலாறு அணை மூடப்பட்டு யுத்தம் மீண்டும் மூண்டதும், ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கு ஓடியதும், 2007 ஜனவரியில் வாகரை வீழ்ந்ததும் இந்தப் படிவின் அயலில்தான். ஆனால் யுத்தம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பாறையில் உலோகம் இருப்பது வேறு, அதை இலாபத்தோடு எடுக்க முடிவது வேறு. வரைபடம், மாதிரி, காந்த அளவை, துளையிடல், அளவு மதிப்பீடு என்று பல படிகள் உண்டு. உலகில் தேடப்படும் இடங்களில் பெரும்பாலானவை இடையிலேயே கைவிடப்படுகின்றன. ஆகவே 'இங்கே தாது இருக்கிறது' என்ற செய்தி, நாளைக்கே காணி போகும் என்பதன் அறிவிப்பு அல்ல.

மேலூர் சொல்லும் பாடம்

ஆனாலும் சும்மா இருக்கலாமா? மதுரை மாவட்டம் மேலூரைப் பாருங்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேயர் நிலத்தை இந்திய மத்திய அரசு ஏலத்தில் விட்டது. 2024 நவம்பரில் ஹிந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தெரிவானது. அந்த எல்லைக்குள், தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலமான அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அடங்கியிருந்தது. ஏல முடிவு வந்த பிறகே செய்தி ஊரெங்கும் பரவியது. மக்கள் திரண்டார்கள். டிசம்பர் 9ஆம் திகதி தமிழ்நாட்டுச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7இல் விவசாயிகள் மதுரை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரி 23இல் ஏலம் இரத்தானது.

அவர்கள் வென்றார்கள். ஆனால் கடைசிக் கட்டத்தில்தான் போராட வேண்டியிருந்தது. ஆய்வு நடந்த காலத்திலேயே ஊருக்கு விபரம் தெரிந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டப்படி, நிலத்துக்குக் கீழே உள்ள கனியம் அரசுக்குரியது. உறுதி உங்கள் கையில் இருந்தாலும் அதுதான் நிலை. பேமிட் காணியில் இருப்பவருக்கு நிலைமை இன்னும் இறுக்கமானது. அகழாய்வு அனுமதியையும் சுரங்க அனுமதியையும் வழங்குவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். இவை இரண்டும் வெவ்வேறு அனுமதிகள். ஊருக்கு வாகனம் வந்தால் எந்த அனுமதியில் வந்திருக்கிறார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தப் பிரசையும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எமது பிரதேச செயலகப் பிரிவில் யாருக்கு, எந்தக் கனியத்துக்கு, எந்த எல்லைக்குள், எந்தத் திகதிவரை அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது? இந்த நான்கையும் கேட்டால் போதும். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி தீர்மானிக்க வேண்டும்.

அந்தப் பெரியவரை அடுத்த முறை சந்திக்கும்போது, "இருக்கலாம் ஐயா, இல்லாமலும் போகலாம்" என்றுதான் சொல்வேன். கையோடு ஒரு விண்ணப்பப் படிவத்தையும் கொண்டுபோவேன். அதை நிரப்ப அவருக்கு உதவ என்னால் முடியும்.