கூலி வேறு, சொத்து வேறு

ஓர் இனத்தின் பொருளாதார நிலையை அளந்தறிய விரும்புவோர் பெரும்பாலும் மாதச் சம்பளத்தையே முதலில் கேட்கின்றனர். ஆனால் சம்பளம் கணக்கின் ஒரு பாதியே ஆகும். அக்குடும்பத்தின் பெயரில் வீடு, நிலம், சேமிப்பு, பங்கு என எவையெவை உள்ளன என்பது மறுபாதி. கூலி உழைக்கும் நாள்வரை வரும். சொத்தோ உழைப்பு ஓய்ந்த பின்னும் துணைநிற்கும், பிள்ளைகளையும் சென்றடையும். தோட்டப் பாட்டாளிகளின் நிலையை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாட்டை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

1970ஆம் ஆண்டின் கணக்கை நோக்குவோம். அவ்வாண்டில் தீபகற்ப மலேசியாவின் மலாய்க்காரர் குடும்பங்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 65 வறுமையில் இருந்தன. இந்தியருள் 39, சீனருள் 26 என்பது அன்றைய நிலை. இதை மட்டும் கண்டோர் இந்தியர் நடுநிலையில் இருந்தனர் என்று கருதக்கூடும். ஆனால் நிறுவனங்களின் பங்குடைமையில் அந்நியர் 63.4 விழுக்காடும், சீனர் 27.2 விழுக்காடும், பூமிபுத்திரர் 2.4 விழுக்காடும் கொண்டிருந்தபோது, மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கினரான இந்தியரிடம் இருந்தது 1.1 விழுக்காடே. கூலி வந்தது; சொத்து சேரவில்லை.

இதன் காரணத்தைத் தஞ்சோங் மாலிம் வட்டாரத்திலேயே காணலாம். பேராங், சிலிம் ரிவர் ஆகிய பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டினர். அவர்கள் குடியிருந்த லயத்து வீடு நிர்வாகத்திற்குச் சொந்தம். வாடகை இல்லை என்பது வசதியே. எனினும் வேலை இருக்கும்வரையில்தான் வீடு. வேலை நின்ற அன்றே குடியிருக்கும் உரிமையும் நின்றது. முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில் ஒரு செங்கல்லும் குடியிருந்தவருக்கு உரியதன்று. அதை அடகு வைத்துக் கடன் பெறவோ, விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்கவோ இயலாது.

இந்நிலையின் கேடு, தோட்டங்கள் கைமாறியபோது வெளிப்பட்டது. 1950ஆம் ஆண்டுகளில் அந்நிய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். அவை துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலைப் பெர்மிட் பெற வேண்டும் என விதித்தமையால், நீண்டகாலம் இங்கு உழைத்தும் பத்திரம் இல்லாதோர் மேலும் இடருற்றனர்.

இதே பேராக் மாநிலத்தில் வேறொரு முறையும் நடைபெற்றது. 1956இல் தோற்றுவிக்கப்பட்ட பெல்டா வாரியம், துரோலாக் முதலிய இடங்களில் காட்டைத் திருத்திக் குடியேற்றத் திட்டங்களை நிறுவியது. அங்குக் குடியேறியோர் ஏறக்குறைய 10 ஏக்கர் பயிர்நிலமும் ஒரு வீட்டுமனையும் பெற்றனர். விளைச்சல் வருவாயிலிருந்து கடனை அடைத்து உரிமையாளராகும் வழி அவர்களுக்கு இருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் மலாய்க்காரர். இந்தியர் மிகச் சிலரே. வறிய கிராம மக்களுக்கு நிலம் கிடைத்தது நன்றே. தோட்டத்தில் வெட்டியவரும் குடியேற்றத்தில் வெட்டியவரும் அதே மரத்தையே வெட்டினர்; முன்னவருக்குக் கூலியும் பின்னவருக்கு நிலமும் எஞ்சின என்பதே நாம் கருத வேண்டியது.

1971ஆம் ஆண்டில் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, இன வேறுபாடின்றி வறுமையை ஒழித்தலையும், இன்ன இனத்தவர்க்கு இன்ன தொழில் என்னும் நிலையை மாற்றுதலையும் குறிக்கோளாகக் கொண்டது. 1990க்குள் பூமிபுத்திரருக்கு 30, ஏனைய மலேசியருக்கு 40, அந்நியருக்கு 30 விழுக்காடு பங்குடைமை என வகுக்கப்பட்டது. அந்த 40இல் இந்தியருக்கெனத் தனி இலக்கு குறிக்கப்படவில்லை. 1990இல் இந்தியர் பங்கு ஏறக்குறைய 1 விழுக்காடாகவே இருந்தது.

தொழிலிலும் மாற்றம் வந்தது. 1922இல் மலாய் ஆசிரியர்களுக்காகத் தஞ்சோங் மாலிமில் அமைக்கப்பட்ட சுல்தான் இத்ரிஸ் கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாயிற்று. புரோட்டோன் கார்த் தொழிற்சாலை 2003இல் இயங்கத் தொடங்கியது. இத்தகைய இடங்களில் வேலை பெறக் கல்விச் சான்றும் தொழிற்பயிற்சியும் தேவை. அவற்றுக்குச் செலவிட, குடும்பத்தில் முன்னரே ஏதேனும் சேமிப்பு இருத்தல் வேண்டும். சொத்தின்மை வேலையின்மைக்கு வழிகோலுவது இவ்வாறே.

பிற நாடுகளும் இதற்குச் சான்று பகரும். அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டுகளில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரங்கள் வரைபடத்தில் சிவப்பு நிறம் தீட்டி ஒதுக்கப்பட்டன. அங்கு வீட்டுக்கடன் கிடைப்பது அரிதாயிற்று. 1968இல் வீட்டு வசதியில் பாகுபாடு சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆயினும் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அங்கு நடுத்தர வெள்ளையர் குடும்பத்தின் சொத்து நடுத்தரக் கறுப்பினக் குடும்பத்தின் சொத்தைப்போல் ஆறு மடங்காக இருந்தது. தடையை நீக்குவதால் மட்டும், சேராமற்போன சொத்து சேர்ந்துவிடாது.

அரசாங்கக் கொள்கை செய்ய வேண்டியதை நம் சேமிப்பு மட்டுமே செய்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் கையிலுள்ள வழியைக் கைவிடுதல் தகாது. 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் செலுத்தினால், மாதம் 408 ரிங்கிட் சேரும். அதில் 15 விழுக்காடு, அதாவது 61 ரிங்கிட்டுக்குச் சற்று மேல், வீடு வாங்க எடுக்கக்கூடிய கணக்கிற் சேர்கிறது. பத்தாண்டில் இலாப ஈவு நீங்கலாக 7,300 ரிங்கிட்டுக்கு மேலாகும். பெரிய தொகையன்று, ஆயினும் குறைந்த விலை வீட்டின் முன்பணத்திற்கு உதவும். சந்தா முறையாகக் கட்டப்படுகிறதா என்று ஒவ்வொருவரும் தம் கணக்கைப் பார்த்துவருதல் நலம்.

கூட்டுறவின் வலிமைக்கும் நம்மிடையே சான்றுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி செலுத்துமாறு தொழிலாளரை வேண்டினார். அப்பணத்தைக் கொண்டே மறு ஆண்டில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

ஓய்வுபெறும் நாளில் வீடு தேடத் தொடங்குவது காலங்கடந்த முயற்சி. முதற் சம்பளம் பெறும் இளைஞரிடத்தும் இளம்பெண்ணிடத்தும் பெற்றோர் இதனை எடுத்துரைப்பாராக. நாம் குடியிருக்கும் வீடு நம் பெயரில் அமையும் நாளில்தான், நம் உழைப்பின் பயன் நம் பிள்ளைகளைச் சேரும்.