மணமும் மறைப்பும்: ஐதரொட்சிசிற்றனெல்லால் பற்றிய ஒரு குறிப்பு

பள்ளத்தாக்கு லில்லி என வழங்கும் ஐரோப்பிய மலரின் நறுமணம் உலகறிந்தது. எனினும் அம்மலரிலிருந்து வாணிக அளவில் எண்ணெய் பிரித்தெடுத்தல் கைகூடவில்லை. ஆதலின் வாசனைத் திரவியப் போத்தலில் அதன் பெயர் காணப்படுமாயின், உள்ளிருப்பது ஆய்வுகூடத்தின் ஆக்கமே எனலாம். அவ்வாக்கங்களுள் மூத்ததும் முதன்மையானதும் ஐதரொட்சிசிற்றனெல்லால் என்னும் சேர்வையாகும். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் சந்தைக்கு வந்த இது, 1956இல் எட்மன் ருத்னிட்ஸ்கா ஆக்கிய தியோரிசிமோ வரையிலும் அதன் பின்னரும் வாசனையாளரின் கைப்பொருளாய் இருந்துவந்துள்ளது.

இதன் மூலப்பொருள் எமக்கு அயலானதன்று. சிற்றனெல்லாப் புல்லின் எண்ணெயிலுள்ள சிற்றனெல்லாலே அது. அதன் மூலக்கூற்றிலுள்ள இரட்டைப் பிணைப்பில் நீர் சேரும்போது ஐதரொட்சிசிற்றனெல்லால் உண்டாகின்றது. அல்டிகைட்டுக் கூட்டம் தாக்கமுறாதிருக்க, அதனை முன்னரே இருசல்பைற்றினாற் காத்து, பின்னர் விடுவிப்பது மரபான முறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சிற்றனெல்லா எண்ணெயை உலகுக்கு வழங்கிய முதன்மை நாடு இலங்கையே. ஆயினும் தென்னிலங்கையில் விளைந்த, லேனபட்டு எனப்படும் வகையிற் சிற்றனெல்லால் ஏறத்தாழ 5 முதல் 15 வீதமே உண்டு. மகாபங்கிரி எனப்படும் யாவா வகையிலோ அது 30 முதல் 45 வீதம். இரசாயனத் தொழில் எதனை நாடியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கொலனித்துவ வணிகத்தை ஆராய்வோர் நிலத்தையும் கூலியையும் நோக்கும் அளவுக்கு மூலக்கூற்றை நோக்குவதில்லை என்பது எமது நெடுநாட் குறை. பின்னாளில் யாவாவின் புல்லுக்கும் போட்டி வந்தது. பைன் மரத்திலிருந்து பெறப்படும் தேர்ப்பந்தைன் எண்ணெயிலிருந்தும் இச்சேர்வையைத் தொகுக்கும் வழி பிறந்தது.

இனி, தோலுக்கு வருவோம். மணத்தைத் தரும் அதே அல்டிகைட்டுக் கூட்டம் தோலின் புரதங்களோடும் பிணையவல்லது. இவ்வாறு உருமாறிய புரதத்தைச் சிலரின் நோயெதிர்ப்புத் தொகுதி அந்நியப் பொருளாகக் கொள்கின்றது. முதற் பூச்சில் ஒன்றும் தோன்றாது. ஒருமுறை உணர்திறன் ஏற்பட்டபின் சிறிதளவு பட்டாலும் அரிப்பும் சிவப்பும் கொப்புளமும் எழும். அவ்வுணர்திறன் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீங்காது. தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனைக்குப் பயன்படுத்தும் வாசனைக் கலவையின் எட்டுக் கூறுகளில் இதுவும் ஒன்று. எமது கறுவாவுக்கு மணம் தரும் சின்னமல்டிகைட்டும் கராம்பின் இயூஜினோலும் அவ்வெட்டில் அடங்கும். இயற்கையானது தீங்கற்றது என்னும் விளம்பர வாதத்திற்கு இதனினும் நேரான மறுப்பு வேண்டுமோ?

நீண்டகாலமாகப் போத்தல்களில் ‘வாசனை’ என்ற ஒரு சொல்லே பொறிக்கப்பட்டுவந்தது. பத்துச் சேர்வைகளோ நூறோ, அனைத்தும் வணிக இரகசியம் என்னும் பெயரால் அச்சொல்லுக்குள் அடங்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சுட்டிக் குறிக்குமாறு விதித்தது: தோலில் விட்டுவைப்பனவற்றில் 0.001 வீதத்தையும் கழுவி நீக்குவனவற்றில் 0.01 வீதத்தையும் விஞ்சினால் ஐதரொட்சிசிற்றனெல்லாலின் பெயரும் இடம்பெறல் வேண்டும். 2023இல் அப்பட்டியல் எண்பதுக்கும் மேற்பட்ட பதிவுகளாக விரிந்தது.

மருத்துவர் ஒட்டுச் சோதனையின்பின் நோயாளியிடம் கொடுப்பது ஒரு பெயரை மாத்திரமே. அவர் கடையில் எடுக்கும் சவர்க்காரத்தின் உறையில் அப்பெயர் இல்லையெனில் அச்சோதனையால் அவருக்குக் கிட்டும் பயன் சொற்பமே.