கொழுந்துக்குத் தராசு உண்டு, பாட்டுக்கு?

சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போயிருந்தேன். பிரிஞ்சாங்கைத் தாண்டி, தேயிலைச் சரிவுகளைப் பார்த்தபடி ஒரு சின்ன தேநீர்க் கடை. கல்லாவில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். இள வயதில் கொழுந்து பறித்தவர். அவருடைய கைப்பேசியில் 'எஞ்சாயி எஞ்சாமி' ஓடிக்கொண்டிருந்தது.

நான் வானொலியில் வேலை செய்பவன் என்று தெரிந்ததும், "ஏன் தம்பி, உலகமே கேட்ட பாட்டாச்சே. அந்தப் பிள்ளைங்களுக்கு நல்ல காசு வந்திருக்கும்ல?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அந்தப் பாட்டு அவரைத் தொட்டதில் வியப்பில்லை. எழுதிப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். தீ உடன் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வெளிவந்த பாட்டு, யூடியூப்பில் மட்டும் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது. ஆனால் 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில், அதுவரை தங்களுக்கு அந்தப் பாட்டிலிருந்து வருமானமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இவ்வளவு பேர் கேட்டும் கலைஞர் இப்படிச் சொல்லும் நிலை எப்படி வருகிறது?

கேசட் காலத்தில் கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. ஆயிரம் கேசட் விற்றால் ஆயிரம் பேர் வாங்கினார்கள் என்று அர்த்தம். 2003-இல் ஐடியூன்ஸ் கடை அமெரிக்காவில் திறந்து, ஒரு பாட்டை 99 சென்னுக்கு விற்றது. முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாடல்கள் போயின. அதுவும் எண்ணக்கூடிய விற்பனைதான். அந்தக் கடை மலேசியாவுக்கு 2012-இல் வந்தது. மறு ஆண்டே ஸ்போட்டிஃபையும் வந்துவிட, பாட்டைக் காசு கொடுத்துப் பதிவிறக்கும் பழக்கம் இங்கே வேர் பிடிக்கவே இல்லை.

இன்று நாம் பாட்டை வாங்குவதில்லை. சந்தா கட்டுகிறோம், அல்லது விளம்பரம் கேட்கிறோம். அந்தப் பணமெல்லாம் ஒரே பானையில் சேர்ந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கோ அதன்படி பிரிகிறது. அது போவது உரிமையாளருக்கு. பெரும்பாலும் அது இசை நிறுவனம். அங்கிருந்து பாடகருக்கு எவ்வளவு, எப்போது என்பதை முடிவு செய்வது, அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம்.

நம் நாட்டுக் கலைஞர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. யோகி பி–நட்சத்திராவின் 'வல்லவன்' 2006-இல் வந்து, மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாடு வரை கொண்டுபோனது. அந்த வழியில் வீட்டு அறையிலேயே பாட்டுச் செய்து அனுப்பும் இளைஞர்கள் என் நிகழ்ச்சிக்கு வாரந்தோறும் வருகிறார்கள். 2024 முதல் ஸ்போட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாவிட்டால், ஒலிப்பதிவுக்கான பங்கே கிடையாது. இது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

அவர்களுக்கு நான் சொல்வது மூன்று விஷயம். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகியோருக்கு எத்தனை விழுக்காடு என்பதைப் பாட்டு வெளிவரும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். கணக்கறிக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். பாட்டைப் படைப்பாளர் உரிமை அமைப்பில் பதிவு செய்யுங்கள். வானொலியில் ஒலிக்கும்போது உரிய தொகை வந்து சேர அதுதான் வழி.

அன்று அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டவர், "நாங்க பறிச்ச கொழுந்தை எங்க கண்ணு முன்னாலதான் நிறுப்பாங்க தம்பி. முள்ளைப் பார்க்காம நான் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்ல. கூலி கம்மிதான். ஆனா எத்தனை கிலோன்னு எனக்குத் தெரியும்," என்றார்.

அடுத்த நாள் நிகழ்ச்சிக்கு வந்த ஒரு இளம் பாடகரிடம் முதல் கேள்வியாக, "தம்பி, உங்க ஒப்பந்தத்தை முழுசாப் படிச்சீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.